உளி சரியில்லன்னா கைய திட்டாதீங்க

போன மாசம் என்கிட்ட கடைசல், அதாவது லேத் மெஷின்ல மரத்த சுத்த விட்டு உளியால செதுக்கற வேலை, கத்துக்க வர்ற தம்பி ஒருத்தரு ஆன்லைன்ல எட்டு உளி செட்டு ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு, மரப்பெட்டி, பளபளன்னு கைப்பிடி, பாக்க கல்யாண சீர் மாதிரி இருந்துச்சு. அதுல ஸ்க்யூ உளிய எடுத்து லேத்ல ஓடிட்டு இருந்த நியாத்தோ மரக்கட்டையில வச்சாரு, ரெண்டு நிமிஷம் கூட ஆகல, டக்குனு கடிச்சு கட்டை மேல ஸ்க்ரூ மரை மாதிரி சுத்தி ஒரு பள்ளம். "எனக்கு கை வரலண்ணே"ன்னாரு. இருங்க தம்பி, உளிய குடுங்கன்னு வாங்கிப் பாத்தேன்.

ஸ்க்யூன்னா தெரியாதவங்களுக்கு: வாய் நேரா இல்லாம சுமார் 70 டிகிரி சாய்ஞ்சிருக்கும், ரெண்டு பக்கமும் சரிவு, ஒரு மூலை நீளமா கூரா, இன்னொரு மூலை குட்டையா. நல்லா தீட்டின ஸ்க்யூ ஓடுன மரத்துக்கு உப்புத்தாளே வேண்டாம். ஆனா கடிக்கறதுலயும் இதுதான் பெரிய ஆளு, பழகாதவங்க பயப்படறதுல தப்பே இல்ல.

தம்பி உளியோட நீள விளிம்புல கட்டை விரல ஓட்டினேன், கத்தி மாதிரி இருந்துச்சு. அதான் வில்லங்கம். அந்த விளிம்பு டூல் ரெஸ்ட் மேல, அதான் லேத்ல உளிய தாங்கி வைக்கற இரும்புக் கட்டை, வழுக்கி போகாம கீறிக்கிட்டே போகும், ரெஸ்ட்ல சின்ன சின்ன வெட்டு விழும், அடுத்த தடவ உளி அந்த வெட்டுல தட்டி நிக்கும்போது கை ஒரு துள்ளு துள்ளும், நீள மூலை மரத்துக்குள்ள போயிடும். வாங்கும்போது விளிம்பு மழுங்கலா இருக்கான்னு விரல வச்சே பாத்துடுங்க. ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னா எண்ணெய்க்கல்லுல பத்து நிமிஷம் தேய்ச்சா போதும், தூக்கிப் போட வேண்டாம்.

தடிமன் 4 மில்லிதான் இருந்துச்சு, அதான் மரத்துல பட்டதும் உதறுது. 25 மில்லி அகல உளின்னா 8லேர்ந்து 10 மில்லி தடிமன் இருக்கணும்ங்கறது என் கணக்கு. ரெண்டு சரிவும் ஒரே நீளமா இருக்கணும், தடிமன் மாதிரி ஒன்றரை மடங்கு, அதாவது 10 மில்லி தடிமன் உளிக்கு 15 மில்லி சரிவு வச்சா வாய்க்கோணம் 40 டிகிரி கிட்ட வரும், அது போதும்.

இரும்புதான் முக்கியம். எச்எஸ்எஸ்னு, அதாவது சூடு தாங்கற ஹை ஸ்பீட் ஸ்டீல்னு, நல்ல உளியிலயே அடிச்சிருக்கும், ஆனா அடிச்சிருக்கறத மட்டும் நம்பாதீங்க, சாணையில லேசா தொட்டுப் பாருங்க. சாதா கார்பன் எஃகுன்னா தீபாவளி மத்தாப்பு மாதிரி வெள்ளையா பொரி வெடிக்கும், எச்எஸ்எஸ்னா மங்கலா ஆரஞ்சு கலர்ல கம்மியாதான் வரும். தம்பி உளி மத்தாப்பு. அவரு வீட்ல ஏற்கனவே தீட்டி மூலையில நீலம் ஏறியிருந்துச்சு, நீலம் வந்தா 300 டிகிரி தொட்டுருச்சுன்னு அர்த்தம், பதம் போச்சு. எச்எஸ்எஸ் 500 டிகிரி தாண்டியும் தாங்கும். கார்பன் உளி மட்டம்னு சொல்ல மாட்டேன், பொறுமையா தண்ணியில தொட்டு தொட்டு தீட்டறவங்களுக்கு அது அருமையான வாய் குடுக்கும், ஆனா புதுசா கத்துக்கறவங்க கிட்ட அந்த பொறுமை எங்க இருக்கு? எச்எஸ்எஸ்ஸ மட்டும் சூடா இருக்கும்போது தண்ணியில முக்காதீங்க, கண்ணுக்கு தெரியாத விரிசல் விடும்.

குறுக்கு வெட்டு முட்டை வடிவமா இருக்கற ஓவல் உளி ரெஸ்ட்ல நல்லா வழுக்கும், ஆனா தீட்டும்போது சாணைத் தட்டு மேல உக்காராம ஆடும். முதல் உளிக்கு வேண்டாம்பேன். சிங்கப்பூர் எச்டிபி அடுக்குமாடி வீட்ல மினி லேத் வச்சிருக்கவங்களுக்கு 19 மில்லி அகலத்துல ஒண்ணு தாராளம், எட்டு உளி காசுல ஒண்ணே ஒண்ணு நல்லதா வாங்கிக்கலாம்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்றேன். 2017ல மூடுறதுக்கு முன்னாடி இங்க சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில பழைய அரம் வாங்கி தீட்டி உளியாக்கறவங்க இருந்தாங்க, இப்பவும் சிலர் செய்யறாங்க. அரம் கண்ணாடி மாதிரி, ஓடற கட்டையில மாட்டுனா உடைஞ்சு மூஞ்சிக்கு பறக்கும். தச்சு வேலை உளியும் லேத்துக்கு ஆகாது லா, கைப்பிடிக்குள்ள போற காம்பு மெல்லிசு.

தம்பி இப்ப 19 மில்லி எச்எஸ்எஸ் ஒண்ணோட வர்றாரு. நம்ம ஊரு ஈரத்துக்கு அதுவும் துரு பிடிக்கும்னு சொல்லி எண்ணெய்த் துணியில சுத்தி வைக்க சொல்லியிருக்கேன், போன சனிக்கிழமை சுத்தாமதான் போட்டுட்டு போனாரு.