மாட்டுக்கு வந்த படர்தாமரை

மலேசியாவில் பட்டர்வொர்த் பக்கம் ஒரு கம்பத்தில், அதாவது கிராமத்தில், என் சித்தப்பா ஏழு மாடு வைத்திருக்கிறார். போன மழைக்காலத்தில் ஒரு கன்றுக்குட்டிக்குக் கண்ணைச் சுற்றி முடி கொட்டி, சாம்பலைக் குழைத்து அப்பிய மாதிரி வெள்ளையாகப் பொருக்கு கட்டியது. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் எட்டிப் பார்த்து "குராப்" என்றார். மருந்துக் கடையில் கைப்பேசிப் படத்தைப் பார்த்த பையன் "ரிங்வேர்ம்" என்றான். வேர்ம் என்றால் புழுதானே? சித்தப்பா புழு மருந்தை வாங்கி வந்து கன்றின் வாயில் ஊற்றிவிட்டார்.

சில வாரத்தில் பொருக்கு கழுத்துக்கு இறங்கியது. அப்புறம் சித்தப்பாவின் முன்கையிலேயே காசு அளவில் ஒரு வட்டம். அதைப் பார்த்ததும் சித்தி சொன்னார்: "இது படர்தாமரைங்க. தோட்டத்துல எங்க லயத்துப் பிள்ளைங்களுக்கெல்லாம் வரும்."

ரிங்வேர்ம் என்ற ஆங்கிலச் சொல்லில் ரிங் வளையம், வேர்ம் புழு. தோலுக்கடியில் ஏதோ ஒரு புழு வளைந்து வளைந்து போகிறது என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். மருத்துவ நூல்கள் இந்த நோய்க்கு வைத்திருக்கும் லத்தீன் பெயரான டினியாவும் துணி அரிக்கும் பூச்சியைக் குறிக்கும் சொல்தான். உண்மையில் இது பூஞ்சை. 1840களில் பாரிசில் டேவிட் குரூபி என்ற மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்து அதை விளக்கினார். அதற்குப் பிறகும் பெயரில் இருந்த புழு போகவில்லை. மாடுகளுக்கு வருவது பெரும்பாலும் டிரைக்கோபைட்டான் வெருக்கோசம் என்ற பூஞ்சை. தோலிலும் முடியிலும் உள்ள கெரட்டினைத் தின்று வாழும் இதைப் புழு மருந்து ஒன்றும் செய்யாது.

படர்தாமரை ஒரு வினைத்தொகை. படர்ந்த தாமரை, படர்கின்ற தாமரை, படரும் தாமரை என்று முக்காலத்துக்கும் விரியும். இலக்கண வகுப்பில் ஊறுகாய் என்று ஒப்பித்ததோடு சரி, வினைத்தொகையை மறந்துவிட்டோம். இந்த நோய்க்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. நேற்று கண்ணருகே, இன்று கழுத்தில், நாளை பக்கத்துக் கன்றின் மேல். குளத்துத் தாமரை இலை போல வட்டம் விரிந்துகொண்டே போகும்.

தமிழ் மட்டும் தப்பே செய்யவில்லை என்று மார்தட்ட முடியாது. வண்டு கடித்து வந்த தடிப்பு என்று எண்ணி 'வண்டுகடி' என்றும் நம்மவர்கள் இத்தகைய தோல் நோயைச் சொன்னார்கள். அதைத் தீர்க்கும் செடிக்கு 'வண்டுகொல்லி' என்று பெயர். நம் ஊரில் சாக்கடை ஓரம், வாய்க்கால் ஓரம் மஞ்சள் மெழுகுவர்த்தி நட்டு வைத்ததுபோல் பூத்து நிற்குமே, அதேதான். மலாயில் கெலெங்காங், டாவுன் குராப் என்றும் சொல்வார்கள், அதாவது குராப் இலை. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த செடி என்பதால் தமிழில் இன்னொரு பெயர் சீமை அகத்தி. இலையில் உள்ள கிரைசோபானிக் அமிலம் பூஞ்சையை எதிர்க்கும். லயத்தில் இலையை உப்போடு அரைத்துத் தேய்த்ததாகச் சித்தி சொல்கிறார். ஆனால் அகத்தி என்ற பெயரை நம்பி மாட்டுக்குத் தீவனமாகப் போட்டுவிடாதீர்கள். இது பேதி மருந்து, கழிச்சல் எடுக்கும்.

பெயரை ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றால், மாட்டுத் தோலில் எது வந்தாலும் 'சொறி' என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சொறி என்பது சொறிவதால் வந்த பெயர். பேன் போன்ற சிற்றுண்ணிகள் தோலில் குடியேறி, மாடு கம்பத்தில் உரசி உரசி வாலடியும் காலும் தடித்துப்போனால் அது சொறி, மலாயில் குடிஸ். அதற்கு ஐவர்மெக்டின் என்ற மருந்து கேட்கும். படர்தாமரையில் அரிப்பு அவ்வளவாக இருக்காது. மாடு பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டிருக்கும், வட்டம் மட்டும் பெரிதாகும். மழையில் ஊறி, முடி தூரிகை போல் கற்றை கற்றையாக ஒட்டி, அடியில் சீழ் இருந்தால் அது பாக்டீரியா வேலை. காய்ச்சலோடு, உடம்பெல்லாம் கோலிக்குண்டு போல் கெட்டியான கட்டிகள் என்றால் அது 2021இல் மலேசியாவுக்குள் வந்த தோல் கழலை நோய். அது வைரஸ். வீட்டு வைத்தியம் பார்க்காமல் கால்நடைத் துறைக்குச் சொல்லிவிட வேண்டும்.

சரி, சித்தப்பா வீட்டுக் கன்றுக்கு வருவோம். கால்நடை மருத்துவர் சொன்னபடி கையுறை போட்டு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பொருக்கை ஊறவைத்து, மெல்லத் தேய்த்து எடுத்தோம். பொருக்கில்தான் பூஞ்சையின் வித்துகள் இருக்கும், அதனால் கீழே சிந்தாமல் பொறுக்கி எரித்தோம். பிறகு டிங்சர் அயோடின், கண்ணில் படாமல். கன்றைத் தனியே கட்டி, இருட்டுக் கொட்டகையிலிருந்து வெயிலுக்கு மாற்றினோம். மாடுகள் உரசும் மரக்கம்பத்தைப் பிளீச் கலந்த தண்ணீரால் கழுவி, பழைய கயிறுகளைத் தூக்கிப் போட்டோம். மரத்தில் ஒட்டிய வித்துகள் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால் இதைத்தான் பெரிய வேலையாகச் செய்தோம். மருந்தே போடாவிட்டாலும் ஒன்று முதல் நான்கு மாதத்தில் பெரும்பாலும் தானாக ஆறிவிடும், ஆனால் அதற்குள் கொட்டகை முழுக்கப் படர்ந்துவிடும்.

இனி எந்தச் சொல்லை எழுதுவது? சிலர் 'வளையப்புழு' என்று மொழிபெயர்க்கிறார்கள். ஆங்கிலேயர் செய்த தவறை நாம் ஏன் சுமக்க வேண்டும்? துறைக் குறிப்புகளில் 'பூஞ்சைத் தோல் நோய்' என்று போடலாம், நோய்க்காரணம் தெளிவாகத் தெரியும். ஆனால் பிற பூஞ்சைத் தோல் நோய்களும் அதற்குள் வந்துவிடும், தேமல் உட்பட. இந்த ஒன்றுக்கு மட்டும் என்றால் படர்தாமரைதான். மனிதனுக்கும் மாட்டுக்கும் ஒரே சொல்லாக இருப்பது இன்னும் நல்லது, ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் நோய்தானே. மலாய் அதிகாரியிடம் பேசும்போது குராப் என்றே சொல்லுங்கள், உடனே புரியும்.

கன்றுக்கு இப்போது கண்ணைச் சுற்றிப் புது முடி வந்துவிட்டது. சித்தப்பா கையில் மட்டும் அந்த வட்டத்தின் நிறம் இன்னும் முழுதாகப் போகவில்லை. யாராவது கேட்டால் "ரிங்வேர்ம்" என்றுதான் சொல்கிறார், சித்தி பக்கத்தில் இல்லாதபோது.