“லோ பிபி” என்று மட்டும் எழுதினால்

மண்டபம் பக்கம் கடல்பாசி எடுக்கப் போன பெண் கரையேறியதும் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஓபி சீட்டில் இருப்பது ஒரே வரி: “லோ பிபி, 88/56, ஓஆர்எஸ்.” வைத்தியத்துக்கு அது போதலாம். நோயைக் குறியீடாக மாற்றிப் பதியும் கோடிங்குக்குப் போதாது.

நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10-ல் இதற்கு இடம் ஒன்றல்ல. அளவு குறைவாக வந்தது, நோயென்று முடிவு செய்யவில்லை என்று டாக்டர் குறித்தால் ஆர்03.1. ‘ஹைப்போடென்ஷன்’ (குறைந்த ரத்த அழுத்தம்) என்று நோயாகவே எழுதினால் ஐ95 வரிசை. நர்ஸ் குறிப்பில் எண் மட்டும் கிடந்து, டாக்டர் அதைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லையென்றால் கோடர் தானாக எதையும் போடக் கூடாது. 88 குறைவுதானே என்று நமக்குத் தோன்றலாம். நோயைச் சொல்வது நம் வேலையில்லை. ஓஆர்எஸ் கொடுத்திருக்கிறார்களே என்று நீரிழப்புக்கான ஈ86-ஐச் சேர்ப்பதும் அதே தவறுதான்.

ஐ95.1 என்பது எழுந்து நிற்கும்போது இறங்கும் அழுத்தம். 5 நிமிடம் படுக்க வைத்து ஒரு முறை, நின்றபின் 1-வது நிமிடமும் 3-வது நிமிடமும் ஒவ்வொரு முறை பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால்தான் கணக்கு. கேஸ் ஷீட்டில் “நின்றபோது 100/70” என்று மட்டும் இருந்தால், எதிலிருந்து இறங்கியது என்று யாருக்குத் தெரியும்?

மாத்திரையால் இறங்கியதற்கு ஐ95.2. இங்கேதான் ஒரு வார்த்தையில் கோடே புரண்டுவிடும். பிபி மாத்திரையான அம்லோடிபினைச் சொன்னபடி சாப்பிட்டும் இறங்கியிருந்தால் அது பக்கவிளைவு: முதலில் ஐ95.2, கூடவே மருந்துக்கான கோடு. அமெரிக்கக் கோப்பென்றால் அது டி46.1எக்ஸ்5ஏ (T46.1X5A). “நேற்று விட்டுப்போச்சு” என்று பெரியவர் இன்று இரண்டாகப் போட்டுக்கொண்டிருந்தால் அது பக்கவிளைவு அல்ல, நச்சுப் பிரிவு, டி46.1எக்ஸ்1ஏ முன்னால் வரும், ஐ95.2 பின்னால் போகும். எத்தனை மில்லிகிராம், எப்போது, எத்தனை மாத்திரை என்று கேட்டு எழுத அரை நிமிடம் ஆகாது. கர்ப்பிணி என்றால் ஐ95 பக்கமே போக வேண்டாம், ஓ26.5.

எண்ணே தப்பாக இருந்தால் இத்தனையும் வீண். மெலிந்த கையில் பெரிய கஃப் (பிபி கருவியின் கைப்பட்டை) சுற்றினால் அளவு குறைத்தே காட்டும். மேல்கைச் சுற்றளவு 22 முதல் 26 செ.மீ. என்றால் சிறிய கஃப்தான் சரி. கை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கியிருந்தாலும், காற்றைச் சட்டென்று இறக்கினாலும் மேல் அளவு குறையும். நொடிக்கு 2, 3 மி.மீ. என்று இறக்க வேண்டும். எல்லாச் சீட்டிலும் 90/60, 100/70 என்று பூஜ்யமாகவே முடிந்தால், அளந்தார்களா என்றே சந்தேகம் வரும்.

டாக்டரிடம் விளக்கம் கேட்கும்போது “ஹைப்போடென்ஷன் என்று போட்டுக்கொள்ளவா சார்?” என்று வாயில் வார்த்தையைத் திணிக்கக் கூடாது. “88/56, தலைசுற்றல், ஓஆர்எஸ் தரப்பட்டுள்ளது, இதற்கான நோயறிதல் என்ன?” என்று கேட்டால் போதும். பதில் இப்படி வந்தால் நமக்கு வேலை சுலபம்: “வெயிலில் நீரிழப்பு, அதனால் ஹைப்போடென்ஷன். வலது கை, சிறிய கஃப், படுத்து 88/56. ஓஆர்எஸ் 1 லிட்டர் குடித்தபின் 108/70.”