மெய்ப்புப் பார்த்தல்: செல்லுக்குள் நடப்பதற்கு இந்தச் சொல் பொருந்துமா?

டி.என்.ஏ. இரட்டிப்பாவதைப் பற்றிப் படிக்கும்போது ‘புரூஃப்ரீடிங்’ என்ற சொல் கட்டாயம் வரும். நகலெடுக்கும்போது விழும் பிழையைச் செல் திருத்துவதற்கு அந்தப் பெயர். இது அச்சுத் தொழிலிலிருந்து உயிரியலுக்கு வந்தது. ‘புரூஃப்’ என்பதன் வேர், சோதித்தல் என்று பொருள்படும் ‘புரோபாரே’ என்ற இலத்தீன் வினை. முழுப் பதிப்பையும் அடிக்கும் முன் சோதனைக்காக எடுக்கும் தாளுக்கு அது பெயரானது. தமிழில் ‘மெய்’யை அடியாகக் கொண்டு ‘மெய்ப்பு’ என்றார்கள். மெய்ப்பித்தல் என்கிறோமே, அதற்கு உறவுச் சொல். அச்சுக்கு அருமையான சொல். செல்லுக்குள் நடப்பதற்கும் இதே சொல் போதுமா என்பதுதான் கேள்வி.

அங்கே நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். பாலிமரேஸ் என்ற நொதி பழைய இழையை வைத்துப் புதிய இழையைக் கட்டுகிறது. அடினினுக்கு எதிரே தைமின், குவானினுக்கு எதிரே சைட்டோசின். இந்த நான்கும்தான் டி.என்.ஏ.வின் எழுத்துகள். ஈ.கோலி பாக்டீரியாவில் நொடிக்குச் சுமார் 1,000 எழுத்துகள் ஏறும். இந்த வேகத்தில் ஏறக்குறைய லட்சத்துக்கு ஒன்று தப்பாக விழும். மனித செல்லில் சுமார் 600 கோடி எழுத்து இணைகள் இருக்கின்றன. அப்படியானால் ஒரு புதிய செல்லுக்கு 60,000 பிழைகள்! இதைத் தாங்கி எந்த உயிரும் நிலைக்காது.

தப்பான எழுத்து சேர்ந்ததும் இணையின் வடிவம் கோணலாகிவிடும். அடுத்த எழுத்தைச் சேர்க்க முடியாமல் நொதி தயங்கும். அந்தத் தயக்கத்தில் புதிய இழையின் நுனி பழைய இழையை விட்டுப் பிரிந்து, அதே நொதியின் வேறொரு பள்ளத்துக்குள் போய் விழும். அங்கே கடைசி எழுத்து வெட்டப்படும். நுனி திரும்பி வரும், எழுதுவது தொடரும். சேர்க்கிற நொதி வெட்டவும் செய்வானேன் என்பது வெகுநாள் புதிராக இருந்தது. 1956-இல் இந்த நொதியைக் கண்டறிந்த ஆர்தர் கோர்ன்பெர்க்கும், அவருடன் டக்ளஸ் புரூட்லாக்கும் 1972-இல் விடை சொன்னார்கள்: வெட்டுவது பிழையைக் களைய.

வெட்டினால் இழை நின்றுபோகாதா என்று கேட்கலாம். போகாது. இணைப்புக்கான ஆற்றலைப் புதிதாக வரும் எழுத்தே சுமந்து வருகிறது. அதனால் நுனியை எத்தனை முறை வெட்டினாலும் அடுத்த எழுத்து வந்து ஒட்டிக்கொள்ளும். இழை எதிர்த்திசையில் வளர்ந்திருந்தால் ஆற்றல் நுனியில் இருந்திருக்கும், வெட்டியதும் அதுவும் போயிருக்கும். டி.என்.ஏ. ஏன் ஒரே திசையில் வளர்கிறது என்பதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம் இது. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

சரி, சொல்லுக்கு வருவோம். அச்சில் மெய்ப்புப் பார்ப்பவர் வேறொருவர், பக்கம் முடிந்த பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர். பாலிமரேஸோ எழுதும்போதே தானே அழித்துத் தானே திருத்துகிறது. ஆகவே இதை ‘உடன்திருத்தம்’ என்பதே பொருத்தம் என்பது என் கருத்து.

அப்படியானால் மெய்ப்பு? அதற்கும் செல்லில் ஆள் உண்டு. உடன்திருத்தம் பிழைகளை நூறில் ஒரு பங்காகக் குறைத்த பின்னும் சில தப்பிவிடும். அவற்றை வேறு புரதங்கள் இரட்டிப்பு முடிந்த இடத்தில் தேடிப் பிடிக்கின்றன. ஈ.கோலியில் பழைய இழையில் மெத்தில் என்ற சிறு வேதிக் குறிகள் இருக்கும், புதியதில் இன்னும் வந்திருக்காது. எது மூலம், எது நகல் என்று அதை வைத்தே தெரிந்துகொண்டு நகலைத் திருத்துகின்றன. இந்த வேலையைப் படிப்படியாக விளக்கிய பால் மோட்ரிச் 2015-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ‘பொருந்தா இணைச் சீரமைப்பு’ என்று இதை அழைக்கலாம். அச்சகத்து மெய்ப்புக்கு உண்மையில் நெருக்கமானது இதுதான். இதன் பிறகு பிழை சுமார் 100 கோடி எழுத்துக்கு ஒன்று.

இரண்டையும் ‘பிழைதிருத்தம்’ என்று ஒரே பையில் போட்டால் மருத்துவத்தில் குழப்பம் வரும். மனிதரின் ஒரு பாலிமரேஸுக்கான ‘போல்-ஈ’ மரபணுவில் சில மாற்றங்கள் பரம்பரையாக வந்தால் உடன்திருத்தம் கெடும். பரம்பரையாக வரும் லிஞ்ச் நோய்க்குறியில் கெடுவது பொருந்தா இணைச் சீரமைப்பு. இரண்டிலும் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடும், ஆனால் பழுதான இடம் வேறு.