சாவி ஏற்றும் பெட்டி எந்த டிராயரில் இருக்கிறது?

அமெரிக்காவில் ஒரு கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ரேடியோ பட்டறையில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆட்கள் இடுப்பில் மாட்டியிருக்கும் ரேடியோக்கள் எங்கள் மேசைக்குத்தான் வரும். ஊருக்கு வரும்போது யாராவது கேட்டால் "வாக்கி டாக்கி ரிப்பேர்" என்று முடித்துக்கொள்வேன். அதற்கு மேல் விளக்கினால் டீ ஆறிவிடும். இங்கே கொஞ்சம் விளக்கலாம்.

ரகசியமாகப் பேசும் ரேடியோவுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு உண்டு. முதல் வேளை கணினியிலிருந்து கேபிள் வழியாகப் போகிறது. எந்தெந்த அலைவரிசை, எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்பதெல்லாம் அதில் அடக்கம். கோட்பிளக் என்போம். இரண்டாவது வேளைதான் சாவி: பேச்சை வெளியாட்களுக்குப் புரியாதபடி மறையாக்கவும், வந்ததைத் திறக்கவும் உதவும் ரகசிய எண். அதைக் கணினி தராது. கீ லோடர் என்று கையடக்கமான பெட்டி ஒன்று இருக்கிறது. அமெரிக்க போலீஸ் வட்டாரத்தில் மோட்டோரோலாவின் கேவிஎல் என்ற பெட்டிதான் அதிகம் பழக்கம். அதன் கேபிளை ரேடியோவின் பக்கவாட்டில் மாட்டி, பட்டனை அமுக்கினால் ஒரு 'பீப்'. அவ்வளவுதான்.

இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு எண். "ஐந்தாம் சேனலில் பேசும்போது 12ஆம் ஸ்லாட்டில் இருக்கும் சாவியை எடுத்துக்கொள்" என்று கோட்பிளக் சொல்லும். சாவி என்ன என்பது அதற்குத் தெரியாது. லோடருக்கோ அலைவரிசையைப் பற்றி எதுவும் தெரியாது. ராணுவத்தில் கதை வேறு. சின்கார்ஸ் ரேடியோ 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரை 2320 சேனல்களுக்குள் நொடிக்கு நூறு தடவைக்கு மேல் தாவிக்கொண்டே பேசும். எங்கெங்கே தாவ வேண்டும் என்ற விவரத்தையும் சாவியையும் ஒரே பெட்டி ஊட்டிவிடும். எங்களுக்கு அந்த வசதி இல்லை. ஒருவர் கோட்பிளக் போடுவார், இன்னொருவர் சாவி போடுவார், எண் பொருந்த வேண்டும்.

ஒருமுறை 12க்குப் பதில் 21இல் சாவியை ஏற்றிவிட்டேன். நான்தான், வேறு யாருமில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த ரேடியோவில் மற்றவர்கள் பேசுவது தெளிவாகக் கேட்டது. வரும் பேச்சோடு சாவியின் அடையாள எண்ணும் சேர்ந்து வரும். ரேடியோ தன்னிடம் உள்ள சாவிகளில் அதற்கு இணையானதைத் தேடித் திறந்துகொள்ளும். பேசுவதற்கு மட்டும்தான் 12ஆம் ஸ்லாட். அது காலி. பட்டனை அமுக்கினால் 'சாவி இல்லை' என்று திரையில் வந்து முரண்டு பிடித்தது. அவசரத்தில் இருக்கும் மனிதர் என்ன செய்வார்? மேலே உள்ள குமிழைத் திருப்பி கிளியரில், அதாவது மறையாக்கம் இல்லாத நிலையில் போட்டார். வேலை செய்தது. அப்புறம் அப்படியே விட்டுவிட்டார். மூன்று வாரம் கழித்து வேறு காரணத்துக்காக அந்த ரேடியோ மேசைக்கு வந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. ரகசியம் என்று நினைத்துப் பேசியதெல்லாம் அலைவரிசைகளைத் தேடிக் கேட்கக் கடையில் விற்கும் ஸ்கேனர் ரேடியோவிலேயே கேட்டிருக்கும்.

கூடப் பேசியவர்கள் ஏன் கவனிக்கவில்லை? செக்யூரில், அதாவது மறையாக்கும் நிலையில் இருக்கும் ரேடியோ, கிளியரில் வரும் பேச்சையும் அதே ஒலிபெருக்கியில் அதே குரலில் கொடுக்கும். திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் குறி மாறும், அவ்வளவே. குமிழில் சாதாரண வட்டம் என்றால் கிளியர், குறுக்குக் கோடு போட்ட வட்டம் என்றால் செக்யூர். இருட்டில், கையுறையோடு, ஓடிக்கொண்டே அதைப் பார்த்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

இது என் பட்டறையின் அசட்டுத்தனம் மட்டும் அல்ல. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மாட் பிளேஸ் குழுவினர் அமெரிக்கப் பெருநகரங்கள் சிலவற்றில் மத்திய அரசின் புலனாய்வு ஆட்கள் பேசும் அலைவரிசைகளைக் கேட்டு, 2011இல் ஆய்வாக வெளியிட்டார்கள். ரகசியமாகப் போயிருக்க வேண்டிய பேச்சு, நகரத்துக்கு ஒரு நாளில் சராசரியாக 20 நிமிடங்களுக்கு மேல் வெளிப்படையாகப் போய்க்கொண்டிருந்தது. யாரும் மறையாக்கத்தை உடைக்கவில்லை. ஒன்று, குமிழ் தவறான பக்கம் இருந்தது. இல்லையென்றால் குழுவில் ஒருவரிடம் புதுச் சாவி இல்லாததால் எல்லோருமே கிளியருக்கு இறங்கி வந்தார்கள்.

இந்த இரண்டாவது காரணத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சாவியை மாதாமாதம் மாற்றினால் பாதுகாப்பு கூடும் என்று அதிகாரிகளுக்கு ஒரு நம்பிக்கை. ஏஇஎஸ் 256 என்ற மறையாக்க முறையின் சாவி மாதக் கடைசியில் ஊசிப்போகாது. ஆனால் மாற்றும் ஒவ்வொரு தடவையும் விடுப்பில் இருந்தவர், கோர்ட்டுக்குப் போனவர், காரின் டிக்கியில் கிடந்த உபரி ரேடியோ என்று யாராவது விடுபடுவார்கள். காற்று வழியாகவே சாவியை அனுப்பும் வசதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ரேடியோ அணைந்து கிடந்தால் அதுவும் போய்ச் சேராது. அடிக்கடி மாற்றாதீர்கள் என்று அந்த ஆய்வே சொன்னது. என் கட்சியும் அதுதான். கூடவே, ரகசியச் சேனல்களில் குமிழ் வேலையே செய்யாதபடி கோட்பிளக்கில் செக்யூர் என்று கட்டிப்போட்டுவிடுங்கள். சாவி இல்லாதவர் பேச முடியாமல் திண்டாடுவார். திண்டாடினால்தான் பட்டறைக்கு வருவார்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். ஏஇஎஸ் 256 சாவி என்பது பதினாறடிமான எண்முறையில் 64 இலக்கம். லோடரின் விசைப்பலகையில் கையாலும் தட்டலாம். 64 இலக்கம் தட்டச் சோம்பல் பட்டு 0123 என்று தொடங்கி வரிசையாகப் போட்டவர்களை எனக்குத் தெரியும். தட்டுவதற்காகத் தாளில் எழுதி, அந்தத் தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தவரையும் தெரியும். சாவியை லோடரே தற்போக்காக உருவாக்கிக்கொள்ளும். மனிதக் கண் அதைப் பார்க்கவே வேண்டியதில்லை.

சரி, சாவி அடிக்கடி மாறாது என்றால் அதை வைத்திருக்கும் பெட்டியின் மதிப்பு கூடிவிடுகிறது. அமெரிக்கக் கடற்படையின் ஜான் வாக்கர் 1985இல் பிடிபடும் வரை 17 வருடங்களுக்கு மேல் சோவியத்துக்குச் சாவிப் பட்டியல்களை விற்றார். சங்கேத இயந்திரங்களைக் கட்டியவர்கள் நன்றாகத்தான் கட்டியிருந்தார்கள். அந்தக் காலத்துச் சாவிகள் காகிதத்தில் வந்தன. பிறகு கேஒய்கே 13 என்ற கைப்பெட்டி வந்தது. ஆறு சாவிகளை வைத்துக்கொள்ளும். கையில் இருப்பவர் யார் என்று கேட்காது, யாருக்குக் கொடுத்தோம் என்று எழுதியும் வைக்காது. ராணுவத்தில் பிறகு வந்த பெட்டிகள் கேட்கின்றன, எழுதிவைக்கின்றன. எங்கள் பக்கம் அதையெல்லாம் பதிவேடும் பூட்டும்தான் செய்ய வேண்டும்.

போன வருடம் பட்டறையை வேறு கட்டடத்துக்கு மாற்றினோம். ஒரு டிராயரில் பழைய சார்ஜர்கள், அறுந்த ஆண்டெனாக்களுக்கு அடியில் ஒரு கீ லோடர் கிடந்தது. புது மாடல் வாங்கியபோது ஓரங்கட்டிய பெட்டி. ஏலத்துக்குப் போகும் சாமான்களின் குவியலில் ஏறக்குறைய சேர்ந்தேவிட்டது. மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். கடவுச்சொல் யாரும் போட்டிருக்கவில்லை. திரையில் சாவிகளின் பெயர்ப் பட்டியல் வரிசையாக வந்தது. மேலிருந்து மூன்றாவது, அன்றைக்கும் புழக்கத்தில் இருந்த சாவி. அடிக்கடி மாற்றாதீர்கள் என்று நானே வாதாடி வாங்கிய சாவி. அந்தப் பெட்டி கையில் கிடைத்த யாரும் ஒரு பழைய ரேடியோவில் அதை ஏற்றி எல்லாவற்றையும் கேட்டிருக்கலாம்.

பெட்டியில் இருந்த சாவிகளை அங்கேயே அழித்தோம். பிறகு இரண்டு வாரம், ரேடியோக்களை ஒவ்வொன்றாக வரவழைத்துச் சாவி மாற்றினோம். இப்போது பதிவேட்டில் லோடர்களுக்கென்று தனிப் பக்கம் உண்டு. எடுத்தவர், வைத்தவர், உள்ளே எந்தெந்தச் சாவி, அழித்த தேதி, இரண்டு கையெழுத்து. முதல் வரி அந்தப் பழைய பெட்டிக்கு. அதை டிராயரில் போட்டது யார் என்ற கட்டம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.