பப்: பலர் புகும் மனை

சென்னையிலோ பெங்களூரிலோ 'பப்' என்று சொன்னால், உரத்த இசையும் வண்ண விளக்குகளும் உள்ள நகர்ப்புற மதுக்கூடம் ஒன்றே நம் மனத்தில் எழுகிறது. அந்தச் சொல் பிறந்த இங்கிலாந்தின் கிராமத்திலோ அது சுட்டுவது, தாழ்ந்த உத்தரங்களும் அகன்ற கணப்படுப்பும் கற்பலகை பாவிய தரையும் கொண்ட ஒரு பழைய வீட்டை. வீடு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'பப்ளிக் ஹவுஸ்' என்ற தொடரின் குறுக்கமே 'பப்'. 17ஆம் நூற்றாண்டில் வழக்கில் இருந்த அத்தொடர் 19ஆம் நூற்றாண்டில் மக்கள் வாயில் ஓரசையாகச் சுருங்கியது. குடும்பத்தார் மட்டும் புழங்கும் மனையிலிருந்து, உரிமம் பெற்று ஊராருக்குக் கதவைத் திறந்து வைத்த மனையைப் பிரித்துக் காட்டவே 'பப்ளிக்' என்ற அடைமொழி வந்து சேர்ந்தது.

இச்சொல்லுக்கு முன்னோர் மூவர். ஏல்ஹவுஸ், டாவர்ன், இன் ஆகிய மூன்றும் நெடுங்காலம் வெவ்வேறு இடங்களாகவே கருதப்பட்டன. 1577இல் அரசு எடுத்த கணக்கும் அவற்றைத் தனித்தனியாகவே எண்ணியது. இவற்றுள் ஏல்ஹவுஸே கிராமத்துக்கு மிக நெருக்கமானது. பார்லியை முளைகட்டி உலர்த்திக் காய்ச்சி நொதிக்கவைத்த 'ஏல்' என்னும் மது, கசப்புச் சுவை தந்து மதுவைக் கெடாமல் காக்கும் ஹாப்ஸ் பூவைச் சேர்க்கும் வழக்கம் பரவுவதற்கு முன் சில நாட்களிலேயே புளித்துவிடும் தன்மையுடையது. ஆகவே அதை அடிக்கடி, சிறு அளவில், வீட்டிலேயே காய்ச்ச வேண்டியிருந்தது. அந்த வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தார்கள். வீட்டுக்கு எடுத்தது போக மிஞ்சியதை விற்க விரும்பியவர், வாசலுக்கு மேலே ஒரு கழியை நீட்டி அதன் நுனியில் தழைக் கொத்தைக் கட்டிவைப்பார். அந்தத் தழையைக் கண்டவர் உள்ளே நுழைந்து அடுக்களையிலேயே அமர்ந்து குடிப்பார். பின்னாளில் வண்ணம் தீட்டிய பெயர்ப்பலகையாக வளர்ந்த வழக்கத்தின் தொடக்கம் இதுதான். எழுத்தறியாதவரும் அடையாளம் காண வேண்டும் என்பதால் பலகையில் ஓவியமே முதன்மை பெற்றது. இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் சின்னமாகிய வெண்மான் இன்றும் எத்தனையோ பப்புகளின் வாசலில் தொங்குகிறது. மன்னராட்சியின் கண்காணிப்பும் விலகியதில்லை. 13ஆம் நூற்றாண்டுச் சட்டம் ஏலின் விலையை வரையறுத்தது; 1552ஆம் ஆண்டுச் சட்டம் ஏல்ஹவுஸ் நடத்த, 'அமைதி நீதிபதிகள்' எனப்பட்ட உள்ளூர் நடுவர்களின் உரிமத்தைக் கட்டாயமாக்கியது.

டாவர்ன் என்பது திராட்சை மது விற்ற இடம்; பெரும்பாலும் நகரங்களில் இருந்தது. கடை, குடில் என்று பொருள்படும் 'தபெர்னா' என்ற இலத்தீன் சொல்லே அதன் மூலம். இந்தச் சொற்குடும்பம் தமிழுக்குள்ளும் நுழைந்திருக்கிறது: ஈழத்தில் கள் விற்கும் இடத்தைத் 'தவறணை' என்பார்கள். ஐரோப்பியரிடமிருந்து பெற்ற சொல் எனினும், ஒலியும் வடிவும் தமிழாகவே ஆகிவிட்டன. 'இன்' என்பது உறைவிடம் என்ற பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல். வழிப்போக்கருக்கு உணவும் படுக்கையும், குதிரைக்குக் கொட்டிலும் தந்த இடத்தைக் குறித்தது.

இந்த மூன்றும் ஒரே பெயருக்குள் வந்து சேர்ந்ததைக் கண்ணால் காண வேண்டுமானால், சாமர்செட் பகுதியில் நார்ட்டன் செயின்ட் பிலிப் என்னும் ஊரில் உள்ள 'ஜார்ஜ் இன்' கட்டடத்தைப் பார்க்கலாம். பக்கத்து ஹின்டன் மடத்துத் துறவிகள் 14ஆம் நூற்றாண்டில் கட்டியது அது. அவர்களின் கம்பளிச் சந்தைக்கு வரும் வணிகர்கள் தங்குவதற்கு இடமாகவும், கம்பளியைச் சேமித்துவைக்கும் கிடங்காகவும் பயன்பட்டது. தரைத்தளம் கனத்த கற்சுவர். அதன்மேல் இரண்டு மாடிகள் மரச்சட்டத்தால் ஆனவை. 15ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட அவை, கீழ்த்தளத்தைவிடச் சற்றே தெருவை நோக்கிப் பிதுங்கி நிற்கின்றன. கருத்த சட்டங்களுக்கு இடையே வெளிறிய பூச்சு. நடுவே அகன்ற வளைவு வாயில். பின்புறம் முற்றத்தை நோக்கிய மரத் தாழ்வாரம். மூட்டைகள் மேலே ஏற, மனிதர்கள் கீழே உண்டு குடிக்க, வணிகமும் வீடும் ஒரே கூரையின் கீழ் அமைந்த ஏற்பாடு இது. ஆங்கில நாட்குறிப்பாளர் சாமுவேல் பீப்ஸ் 1668இல் இந்த ஊரில் உணவருந்தியதைத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1685 ஜூன் மாதத்தில், மன்னருக்கு எதிராகக் கிளர்ந்த மான்மத் கோமகன் இங்கே தங்க, ஊர்த் தெருவிலேயே சண்டை மூண்டது. துல்லியமாகச் சொன்னால் இது ஓர் 'இன்'. பெயர்ப்பலகையும் அப்படியே சொல்கிறது. ஆனால் இன்று ஊரார் பேச்சில் இதுவும் பப்தான்.

பப்பைப் பற்றி எழுதும் தமிழர்கள் அடிக்கடி தவறும் இடம் ஒன்று உண்டு. குடிப்பவருக்கும் கொடுப்பவருக்கும் இடையே நீண்ட மேடை இருப்பது பப்பின் தொன்மையான அமைப்பு என்று கருதிவிடுகிறார்கள். தடுப்பு என்று பொருள்படும் 'பார்' என்ற சொல் அந்த மேடைக்கு உரியதாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வழங்கினாலும், கிராமத்து ஏல்ஹவுஸில் மேடை இருக்கவில்லை. நிலவறைப் பீப்பாயிலிருந்து குவளையில் பிடித்து எடுத்து வருவதே முறை. 1797இல் ஆங்கிலப் பொறியாளர் ஜோசப் பிராமா காப்புரிமை பெற்ற கைவிசைக் குழாய், நிலவறையிலிருந்து மதுவை மேலே இழுத்துத் தரத் தொடங்கிய பிறகே அந்த மேடை மெல்லப் பரவியது. தமிழ்நாட்டில் நாம் அன்றாடம் சொல்லும் 'பார்' அந்த மேடையின் பெயரே. அது மனையின் பெயராகாது.

சரியான தமிழ்ச் சொல் எது? 'மதுக்கடை' வாங்கிச் செல்லும் இடத்தைக் குறிக்கும். 'மதுக்கூடம்', 'அருந்தகம்' இரண்டும் பாருக்குப் பொருந்தும். 'பொது இல்லம்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அநாதை இல்லமோ அரசு விடுதியோ நினைவுக்கு வரும். பொது, இல் என்ற இரண்டும் சேர்ந்த 'பொதியில்' என்ற பழஞ்சொல் அழகானது; ஆயினும் அது ஊர் அம்பலத்துக்கு உரியது, மதுவுக்கு அங்கே இடமில்லை. எனக்கு மிகவும் பிடித்தது பட்டினப்பாலையில் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்கும் வீட்டின் கொடியைப் பாடும் உருத்திரங்கண்ணனார், அதைப் 'பலர் புகு மனை' என்கிறார். பப்ளிக் ஹவுஸ் என்ற தொடரில் உள்ள இரண்டு கூறுகளும் இதில் உள்ளன. வாசலில் தழைக் கொத்துக்குப் பதில் கொடி. விளக்கம் எழுதும்போது 'பலர்புகுமனை' என்றே ஆளலாம். ஓடும் நடைக்கு அது நீளம் என்றால், 'மதுமனை' என்று சுருக்கிக்கொள்ளலாம். வீடு என்ற பொருள் அதில் தங்கிவிடுகிறது. 'இன்' என்பதற்குச் 'சாலை விடுதி' போதும்.

பப்பை நடத்துபவரின் பெயரிலும் கவனம் வேண்டும். அவரை ஆங்கிலத்தில் 'பப்ளிக்கன்' என்பார்கள். அதே சொல் ஆங்கில விவிலியத்தில் வரி வசூலிப்பவரைக் குறிக்கும். தமிழ் விவிலியம் அவரை 'ஆயக்காரர்' என்று சரியாகவே பெயர்த்தது. கிராமத்துப் பப்பின் கதையை மொழிபெயர்க்கும்போது அங்கே ஆயக்காரர் வந்து நின்றால் பொருள் குலைந்துவிடும். 'லேண்ட்லார்ட்' என்ற மற்றொரு பெயரை 'நிலக்கிழார்' என்று எழுதுவதும் பிழையே. இரண்டு இடத்திலும் 'மதுமனைக்காரர்' என்று எழுதினால் போதும்.