ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவே ஓர் இல்லம்: தென்னாப்பிரிக்காவில் மனநோய் உள்ளவர்களுக்கு என்ன வழி?

என் தம்பியை டிஸ்சார்ஜ் செய்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே ஒரு மாதத்து மாத்திரை, அடுத்து வரவேண்டிய தேதி எழுதிய அட்டை. "வீட்டுக்குக் கூட்டிப் போங்கம்மா" என்று அம்மாவிடம் சொன்னார்கள், அவ்வளவுதான். டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீடு இரண்டே அறை. அம்மாவுக்கு அப்போதே 67 வயது. ஆறு வாரத்தில் அவன் மாத்திரையை நிறுத்திவிட்டான், மறுபடி ஆஸ்பத்திரி. நடுவில் தங்க இப்படி ஓர் இடம் உண்டு என்று அன்றைக்கு ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இன்னொரு அம்மாவுக்கு அந்த வெள்ளிக்கிழமை வரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அந்த இடத்தை இங்கே ஹாஃப்வே ஹவுஸ் என்கிறார்கள். சில மாதங்களோ அதற்கும் மேலோ தங்கலாம். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா இருப்பார். மாத்திரை நேரத்துக்குக் கைக்கு வரும். சமைக்க, துணி துவைக்க, பஸ் ஏறிக் கிளினிக் போய்வர மறுபடி பழகிக்கொள்ளலாம். அதற்கு அடுத்த படி குரூப் ஹோம்: நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டில் இருப்பார்கள், வாரத்துக்குச் சில தடவை ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போவார். நாள் முழுக்க ஆள் வேண்டியவர்களுக்கு 24 மணி நேரமும் கவனிக்கும் இல்லங்கள் தனி.

இது சட்டத்தில் இருக்கிறதா? 2002ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 17ஆம் எண் சட்டம், 2004 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் தன் முழுத் திறனுக்கு வளரவும் ஊரோடு சேர்ந்து வாழவும் உதவும் சிகிச்சையும் மறுவாழ்வும் அவருக்குக் கிடைக்க வேண்டும் என்று அதன் 8ஆம் பிரிவு சொல்கிறது. அரசியல் சாசனத்தின் 26ஆம் பிரிவு தகுந்த குடியிருப்பைப் பெறும் உரிமையைத் தருகிறது, ஆனால் அரசு தன் வசதிக்கு ஏற்பப் படிப்படியாகச் செய்தால் போதும் என்றும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே மனுப் போட்ட உடனே அறை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். இடம் குறைவு, காத்திருக்க வேண்டியிருக்கும். அதனால்தான் டிஸ்சார்ஜ் தேதி வரும் முன்பே, ஆள் வார்டில் இருக்கும்போதே, அங்குள்ள சோஷியல் வொர்க்கரைப் பிடித்துப் பேசவேண்டும். சிபாரிசுக் கடிதம் பெரும்பாலும் அவரிடமிருந்துதான் போகவேண்டும். டர்பன் பக்கம் இருப்பவர்கள், தங்கும் இல்லங்கள் நடத்தும் 'டர்பன் அண்ட் கோஸ்டல் மென்டல் ஹெல்த்' அமைப்பிலும் விசாரிக்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கடுமையாக இருங்கள்: லைசென்ஸ். மனநோய் உள்ளவர்கள் ஐந்து பேரோ அதற்கு மேலோ தங்கும் தனியார் அல்லது தொண்டு நிறுவன இல்லம் எதுவாக இருந்தாலும் மாகாணச் சுகாதாரத் துறையின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். கேட்டால் கோபப்படுவார்களோ என்று தயங்காதீர்கள். கௌடெங் மாகாணத்தில் 2015, 2016இல் 'லைஃப் எசிடிமேனி' என்ற தனியார் மனநலப் பராமரிப்பு நிலையங்களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அவசர அவசரமாகத் தொண்டு நிறுவனங்களுக்கு மாற்றினார்கள். 144 பேர் இறந்துபோனார்கள். நோயாளிகளை மாற்றிய 27 நிறுவனங்களிலும் இருந்த உரிமம் செல்லாதது என்று சுகாதாரக் குறைதீர்ப்பாளர் மலேகபுரு மக்கோபா 2017 பிப்ரவரி அறிக்கையில் சொன்னார். தங்கள் பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறான் என்றே தெரியாமல் குடும்பங்கள் தேடி அலைந்தன. அதைப் படித்த பிறகு எந்த இல்லத்தின் வாசலிலும் நான் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான். பிறகு சமையலறையைப் பார்ப்பேன், மாத்திரை அலமாரிக்குப் பூட்டு இருக்கிறதா என்று பார்ப்பேன்.

அப்புறம் பணம். குழப்பம் அதிகம் இங்கேதான். 18 வயது முதல் 59 வயது வரை இருப்பவர், நோயால் வேலை செய்து பிழைக்க முடியாதவர் என்றால், அரசின் சமூக உதவித்தொகை அமைப்பான சாஸாவில் டிஸ்எபிலிட்டி கிராண்டுக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான மாத உதவித்தொகைக்கு, மனுப் போடலாம். வருமானமும் சொத்தும் வரம்புக்குள் இருக்கவேண்டும். டாக்டர் அறிக்கை மூன்று மாதத்துக்குள் எழுதியதாக இருக்கவேண்டும். தற்காலிக கிராண்ட் 6 முதல் 12 மாதம். அது முடிந்தால் புதிதாக மனுப் போடவேண்டும், தானாக நீளாது. பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான், முடியும் மாதத்தைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். மனு ஏற்கப்பட்டால் மனுப் போட்ட நாளிலிருந்து கணக்கிட்டுத் தருவார்கள், அதனால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். மறுத்துவிட்டால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மனுப் போடக் கட்டணம் கிடையாது. பணம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இல்லத்தில் சேர்ந்தால் கிராண்ட் நின்றுவிடுமா என்று அம்மா என்னிடம் எத்தனையோ தடவை கேட்டார். அரசே வைத்துப் பராமரிக்கும் நிலையத்தில் இருப்பவருக்கு கிராண்ட் இல்லை. அரசோடு ஒப்பந்தம் உள்ள இல்லத்தில் சேர்ந்தால், நான்காம் மாதத்திலிருந்து கிராண்ட் முழுத் தொகையில் 25 சதவீதமாகக் குறையும். வெளியே வந்த நாளிலிருந்து மறுபடி முழுதாகக் கிடைக்கும். அப்படி ஒப்பந்தம் இல்லாத இல்லம் மாதக் கட்டணத்தை கிராண்டிலிருந்தே கேட்பது வழக்கம். எவ்வளவு, கைச்செலவுக்கு என்ன மிஞ்சும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளில் இன்னொரு தயக்கம் உண்டு. பிள்ளையை வெளியே தள்ளிவிட்டதாக உறவுக்காரர்கள் பேசுவார்கள், காவடிக்குப் போனால் கேட்பார்கள். தம்பி இப்போது இருக்கும் வீட்டில் சுவரில் ஒரு பலகை. செவ்வாய்க்கிழமைக்கு நேரே அவன் பெயர், பக்கத்தில் 'டால்' என்று எழுதியிருக்கும். அன்று அம்மாவுக்குப் போன் போட்டு, தாளிப்பு முதலில் போடணுமா கடைசியிலா என்று கேட்கிறான். ஞாயிற்றுக்கிழமை தானே பஸ் ஏறி வருகிறான். இதைத் தள்ளிவிட்டது என்று எப்படிச் சொல்வது?

அவருக்கே சம்மதம் இருக்கவேண்டும் என்பதும் முக்கியம். ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள், அவரே கேள்வி கேட்கட்டும். இல்லத்தில் அடி, திட்டு, பணப் பறிப்பு என்று கண்ணில் பட்டால் புகார் செய்தே ஆகவேண்டும் என்று சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்கிறது. மாகாண மனநல மறுஆய்வு வாரியத்துக்கு எழுதலாம், போலீஸுக்கும் போகலாம்.

சேரும் நாளில் ஐடி, டிஸ்சார்ஜ் அறிக்கை, மாத்திரைச் சீட்டு, கிளினிக் அட்டை, சாஸா கடிதம் எல்லாம் வேண்டும். டிஸ்சார்ஜ் அறிக்கை தருவது ஆஸ்பத்திரியின் கடமை, கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றிலும் ஒரு போட்டோகாப்பி வீட்டில் இருக்கட்டும். தம்பியின் பை முதல் வாரமே டாக்ஸியில் தொலைந்துபோனது.