இன்மைக் கருதுகோள்

புள்ளியியலில் வரும் null hypothesis என்ற ஆங்கிலத் தொடரை ‘நல் ஹைபாதிசிஸ்’ என்று ஒலிபெயர்த்து எழுதினால், நல்ல கருதுகோள் என்று படிப்பவர்களும் உண்டு. நன்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒரு மருந்தையோ உரத்தையோ சோதிக்கும்போது, ‘இதனால் எந்த மாற்றமும் இல்லை’ என்று முதலில் வைத்துக்கொள்கிறோம். கிடைத்த தரவு அந்தக் கூற்றோடு ஒத்துப்போகிறதா, முரண்படுகிறதா என்று பிறகு பார்க்கிறோம். மறுக்க முடிகிறதா என்று பார்ப்பதற்காகவே முன்வைக்கும் அந்தக் கூற்றுதான் இன்மைக் கருதுகோள்.

ஹைபாதிசிஸ் கிரேக்கச் சொல். ‘ஹைப்போ’ என்றால் கீழே, ‘தீசிஸ்’ என்றால் வைத்தல். வாதத்துக்கு அடியில் வைக்கப்பட்டது என்பது பொருள். ‘நல்’ லத்தீனின் ‘நுல்லுஸ்’, அதாவது ‘எதுவும் இல்லாத’ என்பதிலிருந்து வந்தது. இரண்டையும் சேர்த்துப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர். சோதனை வடிவமைப்பைப் பற்றி 1935-இல் அவர் வெளியிட்ட நூலில் இந்தத் தொடர் இடம்பெற்றது.

தமிழில் கருது + கோள். ‘கொள்’ என்ற வினை முதல் நீண்டு ‘கோள்’ ஆனது, ‘பெறு’ பேறு ஆனது போல. ‘எடுகோள்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். ஆனால் சோதிக்காமலே ஏற்றுக்கொண்டு தொடங்கும் அனுமானத்துக்கும் அதே சொல் வழங்குவதால் குழப்பம் வரும். சோதனைக்கு உட்படுவதைக் கருதுகோள் என்றும், உட்படாததை எடுகோள் என்றும் பிரித்துக்கொள்வதே நல்லது. முன்னொட்டிலும் சிக்கல் உண்டு. சூனியக் கருதுகோள் என்றால் ஒன்றுக்கும் உதவாதது என்று காதில் விழுகிறது. பூச்சியக் கருதுகோள் என்றால் எண் 0-ஐ மட்டும் குறிக்கிறது. அது ஏன் போதாது என்பதைப் பின்னால் பார்க்கலாம். ‘இன்மை’ குறளில் வறுமையைக் குறிக்கும் சொல்தான். ஆனாலும் ‘இல்லாதிருத்தல்’ என்ற பொதுப்பொருளில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

ஃபிஷர் விளக்கத்துக்கு எடுத்துக்கொண்டது ஒரு தேநீர்க் கோப்பை. பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரை முதலில் ஊற்றினார்களா என்பதைக் குடித்தே சொல்லிவிடுவேன் என்கிறார் ஒரு பெண்மணி. 8 கோப்பைகள், 4 பால் முதல், 4 தேநீர் முதல்; இது அவருக்கும் தெரியும். எந்த வரிசையில் கொடுப்பது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். அவருக்கு அந்தத் திறமை இல்லை என்பது இன்மைக் கருதுகோள். 8-இலிருந்து 4-ஐத் தேர்ந்தெடுக்க 70 வழிகள். எல்லாம் சரியாக அமைவது அவற்றில் ஒன்றுதான். வாய்ப்பு 1/70, ஏறக்குறைய 0.014. ஒரு ஜோடியை மாற்றிச் சொல்லிவிட்டால்? அப்படி அமைய 16 வழிகள். அந்த அளவோ அதைவிட மேலோ சரியாக அமைவது 17/70, அதாவது 0.24. வெறும் ஊகத்திலேயே நாலில் ஒரு தடவை நடக்கக்கூடியது, அதை வைத்து எதையும் மறுக்க முடியாது. இந்த 0.014-உம் 0.24-உம்தான் பி மதிப்பு: இன்மைக் கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டால், கிடைத்த அளவோ அதைவிட மேலோ அமைவதற்கான வாய்ப்பு. வரைபடமோ மணி வளைவோ எதுவும் தேவைப்படவில்லை. குலுக்கிப் போட்டதே கணக்குக்கு ஆதாரம்.

இதே கணக்கு மருத்துவத்தில் எப்படி நடக்கிறது என்பதற்கு, 1948-இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் வெளியிட்ட ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்தின் சோதனை எடுத்துக்காட்டு. மருந்து பெற்ற 55 காசநோயாளிகளில் 6 மாதத்துக்குள் இறந்தவர்கள் 4 பேர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14. மருந்தால் மாற்றமே இல்லை என்றால் அந்த 18 பேரும் எந்தக் குழுவில் இருந்தாலும் இறந்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்றாக 107 சீட்டுகள் எழுதி, 18-இல் இறப்பு என்று குறித்து, கலைத்து 55-ஐ எடுத்தால், அதில் 4 அல்லது அதற்கும் குறைவான இறப்புச் சீட்டுகள் வருவது நூற்றுக்கு ஒரு தடவைகூட இல்லை.

ஆனால் மறுத்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. மருத்துவருக்குத் தேவை விளைவின் அளவு. 27 விழுக்காட்டிலிருந்து 7-ஐக் கழித்தால் சுமார் 20 புள்ளிகள். திட்டப்பிழை, அதாவது தற்செயலால் இந்த மதிப்பீடு ஏறி இறங்கக்கூடிய அளவு, ஏறக்குறைய 7 புள்ளிகள். அதன் இரு மடங்கை இருபுறமும் விட்டால் 95 விழுக்காட்டு நம்பக இடைவெளி, அதாவது தரவோடு ஒத்துப்போகும் விளைவுகளின் எல்லை, 6 முதல் 34 புள்ளிகள் வரை. நூறு பேரில் 6 உயிரா 34 உயிரா என்பதில் எவ்வளவு வேறுபாடு! பி மதிப்பை மட்டும் எழுதும் அறிக்கை இதை மறைத்துவிடுகிறது.

இன்னொரு நுணுக்கம் பாடநூல்களில் அடிக்கடி விட்டுப்போகும். மேலே சீட்டைக் கலைத்தபோது நாம் வைத்துக்கொண்டது ‘ஒருவருக்குக்கூட மாற்றம் இல்லை’ என்பது. இது ஃபிஷரின் இன்மை. போலந்துப் புள்ளியியலாளர் ஜெர்சி நெய்மன் 1923-இல் வயல் சோதனைகளைப் பற்றி எழுதியபோது பார்த்தது சராசரியை. சிலருக்கு நன்மை, சிலருக்குத் தீமை, கூட்டிப் பார்த்தால் சராசரி விளைவு 0 என்பது அவர் வழியின் இன்மை. முன்னது உண்மையானால் பின்னதும் உண்மை. திருப்பிச் சொல்ல முடியாது. எதைச் சோதித்தீர்கள் என்று ஒரு வரி எழுதுவது அவசியம்.

பூச்சியம் ஏன் போதாது என்பதற்குச் சென்னையிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 1956-இல் இங்கே தொடங்கிய காசநோய் மையம், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் வீட்டுச் சிகிச்சை, சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை என இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டது. இரண்டின் பலனும் நெருங்கி வந்தது. இத்தகைய ஒப்பீட்டை இன்று வடிவமைப்பவர்கள், ‘வீட்டுச் சிகிச்சை இத்தனை புள்ளிக்கு மேல் மோசம்’ என்பதையே இன்மைக் கருதுகோளாக வைத்து அதை மறுக்க முயல்வார்கள். அங்கே எண் 0 அல்ல, முன்கூட்டியே குறித்த ஒரு வரம்பு.

தமிழில் எழுதும்போது அதிகம் சறுக்கும் இடம் ‘இன்மைக் கருதுகோள் ஏற்கப்பட்டது’ என்ற வாக்கியம். ‘மறுக்கப்படவில்லை’ என்பதே சரி. சோதனை சிறியதாக இருந்ததாலும் மறுக்க முடியாமல் போகலாம். இறப்பு 30 விழுக்காட்டிலிருந்து 20-க்குக் குறைவதைக் கண்டுபிடிக்க (5 விழுக்காடு மிகைகாண் நிலை, அதாவது பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால் மறுப்பது; 80 விழுக்காடு திறன், அதாவது அந்தக் குறைவு உண்மையானால் நூற்றுக்கு 80 தடவை அதைக் கண்டுபிடிப்பது) ஒவ்வொரு குழுவிலும் ஏறக்குறைய 300 பேர் வேண்டும். 25-க்குக் குறைவதைக் காண வேண்டுமானால் நான்கு மடங்குக்கும் மேல். 40 பேரை வைத்துக்கொண்டு ‘வேறுபாடு இல்லை’ என்று எழுதுவது, கைவிளக்கோடு வயலைச் சுற்றிவிட்டுப் பாம்பே இல்லை என்று சொல்வது போல.

அடுத்தது, பி மதிப்பு 0.03 என்றால் ‘மருந்து வேலை செய்யாதிருக்க வாய்ப்பு 3 விழுக்காடு’ என்று எழுதுவது. மருந்து வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு, அது வேலை செய்கிறதா என்பதற்கு வாய்ப்பு சொல்லாது. ஒரே மருந்தின் 20 வெவ்வேறு பலன்களைத் தனித்தனியே சோதித்துவிட்டு 0.05-க்குக் கீழே வந்த ஒன்றை மட்டும் காட்டுவதும் வழக்கமாகிவிட்டது. அவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை, எதிலும் விளைவு இல்லை என்றாலும், ஒன்றாவது அப்படி வர 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு. எந்த ஊருக்கு மருந்து என்று ஊர் ஊராகக் குலுக்கிவிட்டு ஆள் ஆளாகக் கணக்கிடுவதும் இதே வகைதான்: ஓர் ஊர்க்காரர்கள் ஒருவரைப் போல் ஒருவர் இருப்பதால் திட்டப்பிழை பொய்யாகச் சுருங்கும். 10 ஊர்களில் 2,000 பேர் இருந்தாலும் குலுக்கப்பட்டவை 10 ஊர்கள்தான். சீட்டைக் கலைக்கும்போதும் ஊர்ச் சீட்டைத்தான் கலைக்க வேண்டும்.